ஓய்வுக்காலமும் கடைசற்கலையும்: ஓர் அறவியல் நோக்கு

உழைப்பு உயர்ந்ததா, ஓய்வு உயர்ந்ததா என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. உழைப்பின் பெருமையைப் பேசாத சமயம் இல்லை; ஓய்வின் உயர்வை உணராத ஞானியரும் இல்லை. ஆயினும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு நிலையைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. தம் வாழ்நாட் கடமையை முடித்து, ஊதியத்திற்காக உழைக்கும் தேவையினின்றும் விடுபட்ட ஒருவர், எவரும் ஏவாத ஒரு கைத்தொழிலை முதன்முறையாகக் கற்கத் தொடங்குகின்றார். அவர் செய்வது உழைப்பா, ஓய்வா, விளையாட்டா? அதற்கு அறவியல் மதிப்பு ஏதேனும் உண்டா? அன்றி அது பொழுதைப் போக்கும் ஒரு வழி மாத்திரமா? மரங்கடையும் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்கலைக்கழக மாணவர்க்கு ஓய்வுக்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். நம் சமூகத்திற் கல்வி என்பது நெடுங்காலமாக நியமனக் கடிதம் ஒன்றை நோக்கிச் செல்லும் பாதையாகவே இருந்து வந்துள்ளது. நியமனத்தின் மறுமுனையில் ஓய்வூதியம் இருக்கின்றது. அரச உத்தியோகத்தை விரும்புவோர் பலர், உண்மையில் விரும்புவது அதன் இறுதியிற் கிடைக்கும் பாதுகாப்பையே. ஆகவே வாழ்வின் பிற்பகுதியைப் பற்றி நாம் கொண்டுள்ள கருத்தே அதன் முற்பகுதியை எவ்வாறு செலவிடுகின்றோம் என்பதைத் தீர்மானிக்கின்றது. கைகளாற் செய்யும் தொழிலை இழிவாகக் கருதி நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த பின்னர், அதே தொழிலை ஒருவர் நாடிச் செல்வாராயின், அந்த நாற்பது ஆண்டுகளைப் பற்றியும் அது நமக்கு ஏதோ ஒன்றைக் கூறுகின்றது.

முதலில் ஓய்வு என்னும் ஏற்பாட்டை நோக்குவோம். இது இயற்கை வகுத்த எல்லை அன்று, அரசு வகுத்தது. யேர்மனியிற் பிஸ்மார்க்கின் ஆட்சியில் 1889ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது அதற்குரிய வயது 70 ஆக இருந்தது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரச ஊழியரின் கட்டாய ஓய்வு வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அது மீண்டும் 60 ஆயிற்று. மனிதரின் உடலோ அறிவோ அவ்வோராண்டில் மாறிவிடவில்லை, மாறியது கட்டளையே. மன்னார்ப் பெருநிலத்தில் மன்னார் – பூநகரி வீதியில் அமைந்துள்ள இலுப்பைக்கடவை போன்ற ஓர் ஊரில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். அங்கு நெல் விளைவிப்பவருக்கும் களக்கடலில் வலை வீசுபவருக்கும் ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று இல்லை. வலிமை குன்றக் குன்ற அவர் செய்யும் வேலையும் குறைகின்றது. வலை வீசியவர் வலை பொத்துகின்றார், ஏர் பிடித்தவர் காவலிருக்கின்றார். அவ்வூரில் வாழும் ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் மாத்திரமே, நேற்றுவரை தேவைப்பட்டவர் இன்று தேவைப்படாதவராகும் அந்த ஒரு நாள் வருகின்றது.

அத்தகைய ஆசிரியர் ஒருவரை நாம் எண்ணிக்கொள்வோம். அவர் எவருமாகலாம். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர். அவர் சொல்லிற்குப் பிள்ளைகள் அடங்கியிருந்தனர். பிறர் விடைத்தாள்களைத் திருத்தியே பழகியவர். ஓய்வு பெற்ற மறுமாதம் அவர் ஒரு கடைசற் பொறியை வாங்கி வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்துகின்றார் எனக் கொள்வோம். ஊரார் இதற்கு என்ன கூறுவர்? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்னும் பழமொழியையே பெரும்பாலும் கூறுவர். உண்மையான வேலை போய்விட்டது, அவ்விடத்தை நிரப்ப ஏதோ ஒன்று வேண்டியிருக்கின்றது என்பதே அதன் பொருள். ஊர்ப்பெயரிலேயே இலுப்பையைக் கொண்ட ஓரிடத்தில் இப்பழமொழி இயல்பாகவே நாவில் வரும். இதனை நாம் முதலாவது தடையாகக் கொள்ளலாம்: ஓய்வுக்காலக் கைத்தொழில் என்பது வேலையின் போலி.

இத்தடையை ஆராய்வதற்கு முன் அத்தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். தமிழிற் 'கடைதல்' என்னும் ஒரே சொல் தயிர் கடைவதையும் மரங்கடைவதையும் குறிக்கின்றது. இவ்வொற்றுமை தற்செயலானதன்று. மத்தினைக் கயிற்றாற் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பது போலவே, பழைய கடைசற் பொறியிலும் மரத்தைக் கயிற்றாற் சுற்றி ஒருவர் இழுக்க, மற்றவர் உளி பிடித்தார். தயிர் கடைகையில் மத்துச் சுழல்கின்றது. மரங்கடைகையில் மரமே சுழல்கின்றது. கட்டிற்கால், தொட்டிற்கால், பம்பரம், அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் ஆகிய யாவும் இவ்வாறு பிறந்தவையே. கண்டி நாட்டுக் கடைசற்காரர், சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தில் வண்ணமாகப் படியும் முறையைக் கையாண்டனர். இன்று மின்விசை கயிற்றின் இடத்தைப் பெற்றுவிட்டது. ஆயினும் உளி இன்றும் கையிலேதான் உள்ளது.

அந்த உளியைப் பிடிப்பது எளிதன்று. பத்து அங்குல விட்டமுள்ள ஒரு கிண்ணம் நிமிடத்திற்கு ஆயிரம் முறை சுழலுமாயின், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீற்றர் வேகத்தில் உளியைக் கடந்து செல்கின்றது. உளியின் அடிப்பகுதி மரத்தில் தழுவியிருத்தல் வேண்டும். அதன் கூர் நார்களை வெட்ட வேண்டுமேயன்றிக் கிளப்புதல் ஆகாது. நீண்ட தண்டு ஒன்றைக் கடைகையிற் பருத்த பகுதியிலிருந்து மெலிந்த பகுதியை நோக்கியே உளி இறங்குதல் வேண்டும்; மாறாக ஏறினால் நார் பிளந்து மேற்பரப்புக் குதறுண்டு போகும். கோணம் சிறிது பிசகினும் உளி மரத்திற் சிக்கி, பல மணி நேர வேலை ஒரு கணத்திற் சிதறும். ஈரமரத்தைக் கடைந்தால் உலரும்போது அது கோணும், வெடிக்கும். ஆகவே தேர்ந்தவர் முதலிற் கிண்ணத்தைத் தடிப்பாகக் கடைந்து, பல மாதங்கள் நிழலில் உலரவிட்டு, அது கோணி முடிந்த பின்னர் மீண்டும் பொறியிலேற்றி இறுதி வடிவம் கொடுப்பர். முதிரை மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் அழற்சியை உண்டாக்கும். கருங்காலி உலர்வதற்கு முன் அவசரப்படுத்தினாற் பிளக்கும். பனைக்கோ ஆண்டு வளையமே இல்லை. அதன் வயிரம் புறத்தே உள்ளது, உள்ளே சோறு. ஒவ்வொரு மரத்திற்கும் ஒவ்வொரு நியாயம் உண்டு.

இனி, முதலாவது தடைக்கு வருவோம். கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டோட்டில், ஆக்குதல் வேறு, ஆற்றுதல் வேறு எனப் பிரித்தார். ஆக்குதலின் பயன் அதற்குப் புறத்தே உள்ளது. வீடு கட்டுவதன் பயன் வீடு. ஆற்றுதலின் பயனோ அச்செயலினுள்ளேயே உள்ளது. நன்றாக வாழ்தலின் பயன் நன்றாக வாழ்தலே. ஓய்வு என்பதை உழைப்பின் இடைவேளையாக அவர் கருதவில்லை. உழைப்பே ஓய்வின் பொருட்டு நிகழ்வது என்றார். விளையாட்டோ, களைத்தவர் மீண்டும் வேலைக்குத் திரும்புதற்கான மருந்து போன்றது என்பது அவர் கருத்து. இப்பாகுபாட்டைக் கொண்டு நோக்குமிடத்து, ஓய்வுபெற்ற ஆசிரியரின் கடைசல் விளையாட்டாகாது. ஏனெனில் அவர் திரும்பிச் செல்ல வேண்டிய வேலை எதுவும் இல்லை. வெறும் ஆக்குதலும் ஆகாது. கிண்ணம் வேண்டுமாயின் மன்னார்ச் சந்தையில் அதனினும் மலிவாக வாங்கலாம். ஆக்குதலின் வடிவிலே நிகழும் ஆற்றுதல் என்றே அதனைக் கூறல் வேண்டும். கையில் ஒரு பொருள் பிறக்கின்றது. ஆயினும் பிறக்கும் பொருளுக்காக மாத்திரம் அச்செயல் நிகழவில்லை.

இதிலொரு முரண்பாடு உண்டு. சிறந்த நகரில் கைத்தொழிலாளருக்குக் குடியுரிமை கூடாதென்று கருதியவரும் அதே அரிஸ்டோட்டிலே. கைத்தொழில் ஓய்வைப் பறித்து மனத்தைத் தாழ்த்துகின்றது என்பது அவர் காரணம். அவர் காலத்து அடிமைச் சமூகத்தின் குரல் அது. ஆயினும் நம் சமூகத்தில் அக்குரல் ஓய்ந்துவிட்டது என நாம் கூறவியலுமா? பேனை பிடித்த கை உயர்ந்தது, உளி பிடித்த கை தாழ்ந்தது என்னும் எண்ணம் சாதியோடும் சம்பளத்தோடும் பின்னி இன்றும் நம்மிடை வாழ்கின்றது. இவ்விடத்திலேயே இரண்டாவது தடையும் எழுகின்றது. அது முதலாவதினும் வலியது: வேறொருவர் பிழைப்புக்காக, சில வேளைகளில் பிறப்பின் பெயரால் திணிக்கப்பட்டதாகவும், செய்யும் தொழிலை, வசதி படைத்த ஒருவர் இன்பத்திற்காகச் செய்வது நேர்மையாகுமா?

இதற்கு வரலாறு இரு வகையான சான்றுகளைத் தருகின்றது. 1725இல் இறந்த உருசியப் பேரரசர் முதலாம் பீற்றர் கடைசலிற் பெரு விருப்புடையவர். யானைத்தந்தத்தைத் தம் கையாற் கடைந்தவர். அந்திரேய் நார்த்தோவ் என்னும் வல்லுநர் அவருக்காகச் செய்த கடைசற் பொறிகள் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இன்றும் பேணப்படுகின்றன. ஆனால் அவர் நாட்டில் உழவர் பண்ணையடிமைகளாகவே வாழ்ந்தனர். அரசர் கைத்தொழில் புரிந்ததனால் மட்டும் கைத்தொழிலாளர் உயர்ந்துவிடவில்லை. மறுபுறம் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியை நோக்குவோம். நிலவியல் அறிஞராகிய அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய காலத்தில் ஊரூராகச் சென்று கைவினைஞரின் முறைகளைக் கண்டு பதிவு செய்தார். 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அந்நூலை, முன்னர் வில்லியம் மோரிசின் கெல்ம்ஸ்கொற் அச்சகத்திற்குரியதாயிருந்த கையச்சுப் பொறியில், தம் நேரடி மேற்பார்வையில் அச்சிட்டு 1908இல் வெளியிட்டார். பீற்றருக்குத் தொழில் ஒரு வேட்கை. குமாரசுவாமிக்கோ தொழிலாளி ஓர் ஆசான். அறவியல் வேறுபாடு இங்கேதான் உள்ளது.

தச்சரை 'ஆசாரியார்' என்று மரியாதையாக விளிப்பது நம் வழக்கு. வடமொழியில் அச்சொல் ஆசிரியரையே குறிப்பது. நாவால் அப்பெயரைச் சொல்லிக்கொண்டே, பந்தியில் அவருக்கு வேறிடம் வகுத்த சமூகம் நம்முடையது. ஓய்வுபெற்ற ஆசிரியர் உளியைத் தீட்டக் கற்பதற்காக ஓர் ஆசாரியாரின் பட்டறை வாயிலில் நின்று, "எனக்குச் சொல்லித் தாருங்கோ" எனக் கேட்பாராயின், அந்தச் சொல் நீண்ட காலத்திற்குப் பிறகு தன் பொருளைத் திரும்பப் பெறுகின்றது. அவர் நூல்களையும் படங்களையும் மட்டும் நம்பி, தம் வீட்டிற்குள்ளேயே இருந்துகொண்டு கற்பாராயின், தொழிலை எடுத்துக்கொண்டு தொழிலாளியை விட்டுவிடுகின்றார். தாம் கடைந்ததைக் கூலி கருதாது மலிவாக விற்பாராயின், ஓய்வூதியத்தின் துணைகொண்டு கூலிக்காரரின் சோற்றிற் கை வைக்கின்றார். எனவே இரண்டாவது தடைக்கு விடை ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் அமையாது. அத்தொழிலை ஏற்பவர் யாரிடமிருந்து கற்கின்றார், யாருடைய பிழைப்பை மதிக்கின்றார் என்பதைப் பொறுத்தே அது நேர்மையாகவோ நேர்மையற்றதாகவோ ஆகின்றது.

இனி மூன்றாவது தடை. இதுவே நம் வினாவின் மையம். அறுபது வயதில் தொடங்குபவர் எக்காலத்தில் வல்லவராவார்? இளமையிலிருந்தே உளி பிடித்தவரின் கைக்குள்ள நிதானம் அவருக்கு ஒருபோதும் வராதிருக்கலாம். கண்ணொளி மங்கத் தொடங்கும் வயதிலே, கை நடுங்கத் தொடங்கும் வயதிலே, முடிக்க இயலாத ஒன்றைத் தொடங்குவது அறிவுடைமையா?

இங்கிலாந்தின் றோயல் கலைக்கல்லூரியிற் பேராசிரியராயிருந்தவரும், தாமே மரச்சிமிழ்கள் கடைந்தவருமான டேவிட் பை, 1968இல் வெளியிட்ட நூலொன்றில் வேலைப்பாட்டை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் விளைவு முன்னரே நிச்சயிக்கப்பட்டுவிடுகின்றது. அச்சுப்பொறி அதற்கு உதாரணம். மற்றதில் விளைவு ஒவ்வொரு கணமும் செய்பவரின் கவனத்தையும் தீர்மானத்தையும் பொறுத்து, கெட்டுப்போகக் கூடியதாகவே இருக்கின்றது. பேனையால் எழுதுவது அதற்கு உதாரணம். இரண்டாவதை அவர் இடரேற்கும் வேலைப்பாடு என்று கருதினார். இப்பாகுபாட்டை நாம் வாழ்வுக்கும் விரித்து நோக்கலாம். உத்தியோக வாழ்வின் பிற்பகுதி பெரும்பாலும் நிச்சயத்தின் பாற்பட்டது. பதவியும் அனுபவமும் உயர உயர, ஒருவரின் தவறுகளைச் சுட்டிக்காட்டுவோர் குறைகின்றனர். மூத்தவரின் பிழையைப் பிழையெனச் சொல்லுதல் நம் பண்பாட்டில் மரியாதைக் குறைவு. முடிவில், தம்மைத் திருத்துவார் எவருமின்றி அவர் ஓய்வு பெறுகின்றார். திருத்துவாரின்றி வாழ்தல் மனிதர்க்கு வாய்க்கும் பெருந்தனிமைகளுள் ஒன்று. பலர் முதுமையிற் பிடிவாதமுடையோராவது குணக்கேட்டினால் மாத்திரமன்று. அவர்களோடு மாறுபட்டு நிற்பது எதுவுமே இல்லாமற் போவதனாலுமாகும்.

மரம் மாறுபட்டு நிற்கும். முப்பத்தைந்து ஆண்டுச் சேவை அதற்குத் தெரியாது. உளி தவறினால் அது பிளக்கும். அதிபரின் உளியாயினும் பிளக்கும், சிறுவனின் உளியாயினும் பிளக்கும். அதனோடு வாதிட முடியாது. அதனைக் கடிந்துகொள்ளவும் முடியாது. பிறரைத் திருத்தியே பழகிய ஒருவர் மீண்டும் திருத்தப்படுபவராகின்றார். ஓய்வுக்காலக் கைத்தொழிலின் உண்மையான அறப்பயன் இதுவே என்பது என் துணிபு. அது தரும் பொருளிலோ, இன்பத்திலோ, மன அமைதியிலோ அதன் மதிப்பு முதன்மையாகத் தங்கியிருக்கவில்லை. தம் தவறு தம் கண்முன் நிற்க, அதற்குப் பிறரைக் காரணங்காட்ட இயலாத ஓரிடத்தை ஒருவர் தாமாகவே தேர்ந்தெடுக்கின்றார் என்பதிலேயே தங்கியுள்ளது. இவ்வாறு நோக்கின் வல்லவராகாமை ஒரு குறையன்று. வல்லமை இலக்காக இருத்தல் வேண்டும். ஆனால் அதை நோக்கிச் செல்லும்போது தாம் திருத்தப்படுவதே பயன். 1937இல் வார்தாவிற் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தார். கை கற்கும்போது மனமும் கற்கின்றது என்பது அதன் அடிப்படை. அது குழந்தைக்கு உண்மையாயின் முதியவருக்குப் பொய்யாவதற்குக் காரணமில்லை.

ஆயினும் இது தனி ஒருவரின் மனப்பயிற்சியாக மட்டும் நின்றுவிடலாகாது. மரம் எங்கிருந்து வருகின்றது என்பதும் ஓர் அறவினாவே. முதிரையும் கருங்காலியும் வன்னிக் காட்டின் அரிய மரங்கள். வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். ஒருவரின் பொழுதுக்காக அவற்றைத் தறிப்பது எவ்வகையிலும் பொருந்தாது. காற்றில் விழுந்த கிளை, பழுதாகிய கதவுநிலை, பட்டுப்போன வேம்பு ஆகியன கற்பவருக்குப் போதும். இலுப்பைக்கடவையில் இதற்கு மேலும் ஒரு பொருள் உண்டு. 2008ஆம் ஆண்டு யூலை மாதத்தில் போர் அவ்வூரைக் கடந்து சென்றது. மக்கள் கட்டிலையும் அலுமாரியையும் விட்டு, கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்து, முகாம் வாழ்வுக்குப் பின் திரும்பியோர் கண்டது வெறும் சுவர்களையும், பலவிடத்து அவையும் இன்மையையுமே. போர் நடந்த நிலத்து மரங்களில் எறிகணைச் சிதறல் உட்புதைந்திருத்தல் கூடும். பட்டை அதன்மேல் மூடி வளர்ந்துவிடும். வெளியிலிருந்து நோக்குவார்க்கு எதுவும் தெரியாது. சுழலும் மரத்தில் அதன்மீது உளி மோதினாற் கூர் மழுங்குவதோடு உயிருக்கும் ஊறு நேரலாம். அங்கு மரங்கடைபவர் முதலில் மரத்தைத் தடவி, தட்டி, ஐயுறவோடு நோக்க வேண்டியவராகின்றார்.

இதனால் மற்றொரு பழைய நம்பிக்கையும் மறுபரிசீலனைக்கு உள்ளாகின்றது. கைவினைப் பொருள் நம் காலத்திற்குப் பின்னும் நிலைத்திருக்கும், அதனாலேயே அது மதிப்புடையது என்பர். இடப்பெயர்வை அறிந்த சமூகம் இதனை எளிதில் ஏற்காது. தலைமுறை தலைமுறையாக வந்த கட்டிலும் ஓரிரவில் இல்லாமற் போகலாம் என்பதை அது கண்டுள்ளது. கையிலுள்ள பொருள் பறிபோகும். கைக்குட் படிந்த பயிற்சியைப் பறிக்க இயலாது. ஆனால் அப்பயிற்சிக்கும் ஒரு முடிவுண்டு. உரியவரோடு அதுவும் மறையும். ஆகவே முதுமையிற் கற்பவருக்கு இளமையிற் கற்பவரினும் ஒரு கடன் மிகுதி. கற்றதை அவர் விரைவிற் கையளிக்க வேண்டும். தாழ்வாரத்துப் பொறியருகே அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன் வந்து நிற்பானாயின், அவனை விரட்டாது உளியை அவன் கையிற் கொடுத்து, தம் கையை அவன் கைமேல் வைத்தல் வேண்டும். அப்போது ஆசிரியர் மீண்டும் ஆசிரியராகின்றார். ஆனால் இம்முறை அவர் தாமும் பிழைவிடுபவர் என்பதை மாணவன் கண்ணாற் காண்கின்றான். வகுப்பறையில் அவனுக்கு எளிதிற் கிடைக்காத பாடம் அது.

இறுதியாக அந்தப் பழமொழிக்கு வருவோம். ஆலையில்லாவிடத்து இலுப்பைப்பூவைச் சர்க்கரை என்பது ஏளனமாகவே கூறப்படுகின்றது. ஆனால் இலுப்பைப்பூ உண்மையில் இனிப்பானது. அவ்வினிப்பு எந்த ஆலையிடமும் கடன் வாங்கியதன்று. சர்க்கரையின் பெயரை அதன்மேல் ஏற்றியதனாலேயே அது போலியாயிற்று. ஓய்வுக்காலத்திற் செய்யும் கைத்தொழிலும் அத்தகையதே. உத்தியோகத்தின் பதிலாக அதனை நோக்கினால் அது எப்போதும் குறைவுபட்டதாகவே தோன்றும்; அதனதன் தன்மையில் நோக்கினால், பதவியும் ஊதியமும் தரவியலாத ஒன்றை அது தருகின்றது. நம்மைத் திருத்தவல்ல ஒன்றின்முன் தாழ்ந்து நிற்கும் வாய்ப்பே அது. இதனை அறுபது வயதுவரை ஒத்திவைக்க வேண்டும் என்னும் நியதி எந்த ஓய்வூதியச் சட்டத்திலும் இல்லை. பட்டப்படிப்பையும் நியமனத்தையும் நோக்கி விரையும் நாம், நம் கையால் ஒன்றைச் செய்யக் கற்பதையும், அதைச் செய்து வாழ்வாரை ஆசாரியராக மதிப்பதையும் இப்போதே தொடங்குவோமாயின், ஓய்வுக்காலத்தில் ஈடுசெய்ய வேண்டியதும் அந்த அளவுக்குக் குறையும்.